ஓட்டும் ஒரு ஜாமீன் கையெழுத்துதான்



இயற்கை விவசாயம் என்று வாயைத் திறந்தாலே நம்மைப் பார்த்து ஒரு கேள்வி வந்து விழுகிறது. "இலங்கையைப் பார்த்தீங்கல்ல? ஒரே நாள்ல உரத்தை நிறுத்தினாங்க, நாடே கவுந்து போச்சு." உரக்கடையில் கேட்கிறார்கள், டீக்கடையில் கேட்கிறார்கள், கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் கேட்கிறார். நாமும் வழக்கமாக, "அது இயற்கை விவசாயத்தோட தோல்வி இல்லீங்க, செஞ்ச முறையோட தோல்வி" என்று சொல்லிவிட்டுச் சாப்பாட்டைப் பார்க்கிறோம்.

பதில் சரிதான். ஆனால் பாதிப் பதில். அந்த முறையில் செய்தவர் வானத்திலிருந்து குதிக்கவில்லை. மக்கள் ஓட்டுப் போட்டுத்தான் வந்தார். அப்படியென்றால் நடந்ததில் ஓட்டுப் போட்டவர்களுக்கும் பங்கு உண்டா? உண்டென்றால் எவ்வளவு? இதைத்தான் இந்தக் கட்டுரையில் பேசப்போகிறேன். கடலுக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. நாளைக்கு நம் ஊரிலும் 'இயற்கை' என்ற சொல்லை வைத்து ஒருவர் ஓட்டுக் கேட்டு வருவார். அன்றைக்கு நாம் என்ன செய்யவேண்டும் என்று இன்றைக்கே யோசித்து வைக்கலாமே என்றுதான்.

நடந்தது என்ன?

2019 நவம்பர் 16-ஆம் தேதி இலங்கையில் ஜனாதிபதித் தேர்தல். கோத்தபய ராஜபக்ச 69 லட்சத்துக்கு மேல் ஓட்டு வாங்கி ஜெயித்தார். 52 சதவீதம். எதிர்த்து நின்ற சஜித் பிரேமதாசவுக்கு 42 சதவீதம்.

கோத்தபயவின் தேர்தல் அறிக்கைக்குத் தமிழில் 'சுபீட்சத்தின் நோக்கு' என்று பெயர். பத்து வருடத்தில் நாட்டை இயற்கை விவசாயத்துக்கு மாற்றுவோம் என்ற வாக்குறுதி அதில் இருந்தது. பத்து வருடம் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். வரியைக் குறைப்போம் என்பதும் அதில் இருந்தது. ஜெயித்ததும் மதிப்புக் கூட்டு வரியை 15 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாகக் குறைத்தார்கள். அரசுக்கு வரும் பணம் அங்கேயே சரிந்தது.

2020 ஆகஸ்டில் நாடாளுமன்றத் தேர்தல். அரசியலமைப்பைத் திருத்த மூன்றில் இரண்டு பங்கு பலம் வேண்டும் என்று வெளிப்படையாகவே கேட்டு ஓட்டு வாங்கினார்கள். 225 இடங்களில் 145 கிடைத்தது. கூட்டாளிகளையும் சேர்த்துக்கொண்டு அந்த அக்டோபரிலேயே 20-ஆவது திருத்தத்தை நிறைவேற்றினார்கள். ஜனாதிபதியின் கையைக் கட்டியிருந்த கயிறுகள் பலவும் அத்தோடு அவிழ்ந்தன.

அடுத்த ஏப்ரல் கடைசியில், ரசாயன உரத்துக்கும் பூச்சிமருந்துக்கும் தடை என்று முடிவெடுத்தார்கள். 2021 மே மாதம் அரசிதழில் வந்துவிட்டது. பத்து வருடம் என்று சொன்னது ஒரே ராத்திரியாகச் சுருங்கியது. வடமத்திய மாகாணத்தில் விவசாயிகளை வாட்டும் சிறுநீரக நோயை ஒரு காரணமாகச் சொன்னார்கள். அந்த நோய் உண்மை, அந்தக் கவலையும் நியாயம். இன்னொரு காரணமும் உண்டு. உரம் இறக்குமதிக்கு வருடத்துக்கு 40 கோடி டாலர் போய்க்கொண்டிருந்தது, கையில் டாலர் இல்லை.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். சீனாவிலிருந்து 20,000 டன் இயற்கை உரத்தோடு ஒரு கப்பல் வந்தது. மாதிரியில் கிருமி இருக்கிறது என்று தாவரத் தடுப்புக்காப்பு அதிகாரிகள் இறக்க விடவில்லை. அப்படியும் அந்த உரத்துக்கு 67 லட்சம் டாலர் கட்டவேண்டி வந்தது. 2021 நவம்பரில் தடையை விலக்கினார்கள். அதற்குள் பெரும்போக விதைப்பு தொடங்கிவிட்டது. அந்தப் போக நெல் விளைச்சல் முந்தைய பெரும்போகத்தைவிட மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது. 2021-இல் சுமார் 30 கோடி கிலோவாக இருந்த தேயிலை உற்பத்தி 2022-இல் சுமார் 25 கோடி கிலோவாக இறங்கியது. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்டமுடியாது என்று நாடே கைவிரித்தது. ஜூலையில் ஜனாதிபதி நாட்டைவிட்டு ஓடினார்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நாடு கவிழ்ந்ததற்கு உரம் மட்டும் காரணம் இல்லை. வரிக் குறைப்பு, பழைய கடன், கொரோனாவால் நின்றுபோன சுற்றுலா எல்லாம் சேர்ந்தது. பந்தியில் கேட்கிறவருக்கு இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

மண்ணுக்கு உத்தரவு போட முடியாது

ஒரே ராத்திரியில் ஏன் முடியாது என்பது நமக்குத் தெரிந்த கணக்குத்தான். 50 கிலோ யூரியா மூட்டையில் 23 கிலோ தழைச்சத்து இருக்கிறது. நல்ல தொழு உரத்தில் அரை சதவீதம் தழைச்சத்து என்று வைத்தாலும், அந்த ஒரு மூட்டைக்கு ஈடாக நாலரை டன்னுக்கு மேல் தொழு உரம் வேண்டும். அதுவும் முழுச்சத்தும் முதல் போகத்திலேயே பயிருக்குக் கிடைக்காது. இலங்கையில் பெரும்போகத்தில் ஏழு லட்சம் ஹெக்டேருக்கு மேல் நெல் விதைக்கிறார்கள். அத்தனைக்கும் உரம் எந்த மாட்டுக்கொட்டகையிலிருந்து வரும்? தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுவதற்குக்கூட 45 நாள் வேண்டுமே.

நம் நாட்டு அங்ககச் சான்றிதழ் விதிகளைப் பாருங்கள். ஒரே ஒரு வயல் மாறுவதற்குப் பருவப் பயிர் என்றால் 2 வருடம், பல்லாண்டுப் பயிர் என்றால் 3 வருடம் கேட்கிறார்கள். நாமெல்லாம் கையில் காசும் மனதில் பயமுமாக அரை ஏக்கர், ஒரு ஏக்கர் என்று மாறி வந்தவர்கள்தானே. வயலுக்கு மூன்று வருடம் என்றால் நாட்டுக்கு ஒரு ராத்திரி எப்படிப் போதும்?

ஜாமீன்தாரின் பொறுப்பு

இனி கேள்விக்கு வருவோம். வங்கியில் முப்பது வருடத்துக்கு மேல் கடன் கொடுத்து, கடன் வசூலித்துக் கழித்தவன் நான். அதனால் ஓட்டை என்னால் ஒரு ஜாமீன் கையெழுத்தாகத்தான் பார்க்க முடிகிறது. ஒருவர் நம் எல்லோருடைய சொத்தையும் ஐந்து வருடம் வைத்துப் புழங்கப்போகிறார். "இவரை எனக்குத் தெரியும், கொடுக்கலாம்" என்று நாம் கையெழுத்துப் போடுகிறோம்.

ஜாமீன்தாரின் பொறுப்பு என்ன என்பது 1872-ஆம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டத்திலேயே இருக்கிறது. 128-ஆவது பிரிவு சொல்வதைச் சுருக்கமாகச் சொன்னால், கடன் வாங்கியவருக்கு எவ்வளவு பொறுப்போ அவ்வளவும் ஜாமீன்தாருக்கும் உண்டு. பாதி இல்லை, கால் இல்லை, முழுசும். வசூலுக்குப் போகும்போது ஜாமீன்தார்கள் சொல்லும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான். "ஒரு கையெழுத்துதானே சார்னு கேட்டான், போட்டேன். பணத்தை நானா வாங்கினேன்?" பாவமாகத்தான் இருக்கும். ஆனால் அந்தக் கையெழுத்து இல்லாமல் அந்தக் கடன் போயிருக்காது.

அதே சட்டம் ஜாமீன்தாருக்குப் பாதுகாப்பும் கொடுக்கிறது. பொய் சொல்லியோ, முக்கியமான விஷயத்தை மறைத்தோ கடன் கொடுப்பவர் வாங்கிய ஜாமீன் செல்லாது. 133-ஆவது பிரிவு இன்னொன்று சொல்கிறது. ஜாமீன்தாரைக் கேட்காமல் கடன் நிபந்தனையை மாற்றினால், மாற்றியதற்குப் பிறகு நடக்கும் கொடுக்கல் வாங்கலுக்கு அவர் பொறுப்பில்லை.

இதை அப்படியே இலங்கை வாக்காளருக்குப் பொருத்திப் பாருங்கள். அவர் 2019-இல் கையெழுத்துப் போட்டது பத்து வருடத் திட்டத்துக்கு. ஒரு ராத்திரியில் தடை என்பது அவரைக் கேட்காமல் மாற்றிய நிபந்தனை. ஆகவே அந்தத் தடைக்கு அவர் பொறுப்பில்லை என்று வாதாடலாம். நியாயமான வாதம்தான். ஆனால் வரிக் குறைப்பு அப்படி இல்லை. அது அறிக்கையிலேயே இருந்தது. வருமானத்தைக் குறைத்துக்கொண்டு எப்படிக் கடன் கட்டுவீர்கள் என்று கேட்டிருக்கலாம். நம் பைக்கு வரும் காசு என்றால் நாம் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. அங்கே மட்டும் இல்லை, இங்கேயும்தான்.

தடை விஷயத்திலும் வாதம் அத்தோடு முடியவில்லை. வங்கிகள் ஜாமீன் பத்திரத்தில் ஒரு வரி சேர்த்து வைத்திருக்கும். 133-ஆவது பிரிவின் பாதுகாப்பு எனக்கு வேண்டாம் என்று ஜாமீன்தாரே எழுதிக் கொடுப்பதாக இருக்கும். பொடி எழுத்து. யாரும் படிப்பதில்லை. 2020 ஆகஸ்ட் ஓட்டு அந்த வரிக்குப் போட்ட கையெழுத்துதான். நிபந்தனையை யாரையும் கேட்காமல் மாற்றும் அதிகாரம் எனக்கு வேண்டும் என்று கேட்டார்கள், கொடுத்தார்கள். அதுவும் பொடி எழுத்தில் இல்லை, மேடை போட்டு மைக்கில் கேட்டார்கள்.

என் கணக்கில் வாக்காளரின் பொறுப்பு இங்கேதான் கனமாக விழுகிறது. தலைவர் எடுக்கப்போகும் ஒவ்வொரு முடிவையும் முன்கூட்டி யாராலும் தெரிந்துகொள்ள முடியாது. அதற்கு வாக்காளரைப் பிடித்துக் கேட்பது அநியாயம். ஆனால் தப்பான முடிவு எடுத்தால் தடுப்பதற்கு ஒரு ஆளும் இல்லாமல், ஒரு சட்டமும் இல்லாமல் செய்துகொடுத்தால், அதற்குப் பிறகு வரும் எல்லாவற்றிலும் நமக்குப் பங்கு உண்டு. நல்லவர்தானே என்று வெற்றுச் செக்கில் கையெழுத்துப் போட்டாலும் அது வெற்றுச் செக்தான்.

நான் ஒருத்தன் போட்டதால் என்ன?

"கோடி பேரில் என் ஓட்டு ஒன்று. அதால் எதுவும் மாறாது. அப்புறம் எனக்கு என்ன பொறுப்பு?" என்று சிலர் கேட்பார்கள். கூட்டுப் பொறுப்புக் குழுக் கடன் வாங்கிய பெண்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், சிரிப்பார்கள். அந்தக் குழுவில் ஒருத்தி கட்டாவிட்டால் எல்லோருக்கும் அடுத்த கடன் கிடையாது. ஐந்து பேரில் ஒருத்தி என்பதால் என் பொறுப்பு ஐந்தில் ஒன்று என்று யாரும் தப்பிக்க முடியாது. எல்லோரும் சேர்ந்து செய்த காரியத்தில் தன் பங்கு சின்னது என்று ஒவ்வொருவரும் சொல்லிக்கொண்டால், பெரிய தவறுகள் எல்லாம் யாருமே செய்யாத தவறுகளாகிவிடும்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. 2022-இல் எரிபொருளுக்கும் அரிசிக்கும் வரிசையில் மக்கள் நின்றபோது, "அந்த 69 லட்சம் பேர் அனுபவிக்கட்டும்" என்று அங்கேயே பலர் கேலி செய்தார்கள். இதை ஏற்கமுடியாது. பசி யார் யாருக்கு ஓட்டுப் போட்டார்கள் என்று பார்த்து வருவதில்லை. யாழ்ப்பாண மாவட்டத்தில் 80 சதவீதத்துக்கு மேல் சஜித்துக்குத்தான் போட்டார்கள். மலையகத் தோட்டத் தொழிலாளர்கள் நிறைந்த நுவரெலியா மாவட்டத்திலும் அவருக்கே அதிக ஓட்டு. கிளிநொச்சி நெல் விவசாயிக்கும் பசளை கிடைக்கவில்லை. கொழுந்து குறைந்ததில் எடை பார்த்துக் கூலி வாங்கும் பெண்ணுக்கும் நஷ்டம். ஓட்டுரிமையே இல்லாத குழந்தைகளின் பால்மாவும் போயிற்று.

அதனால் பொறுப்பு என்றால் தண்டனை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. தண்டனை செய்தவருக்கு. 2023 நவம்பரில் இலங்கை உச்ச நீதிமன்றம், கோத்தபய, மகிந்த, பசில் உள்ளிட்டவர்கள் பொருளாதார நெருக்கடிக்குக் காரணமாகி மக்களின் நம்பிக்கையை மீறினார்கள் என்று தீர்ப்புச் சொன்னது. வாக்காளரை விசாரிக்க எந்தக் கோர்ட்டும் கிடையாது, இருக்கவும் கூடாது. ஆனால் ஜாமீன்தாருக்கு ஒரு கடமை மிச்சம் இருக்கிறது. தன் கையெழுத்தால் அடுத்தவருக்கு நஷ்டம் வந்திருக்கிறது என்று தெரிந்ததும் எழுந்து போய் அதைச் சரிசெய்யப் பார்க்கவேண்டும்.

அதைச் செய்தவர்களும் அங்கே இருந்தார்கள். அனுராதபுரம், பொலன்னறுவை மாவட்டங்களில் 2019-இல் கோத்தபயதான் முன்னால் வந்தார். 2021-இல் பசளை கேட்டு விவசாயிகள் தெருவுக்கு வந்தபோது நெல் விளையும் அந்தப் பகுதிகளும் சும்மா இருக்கவில்லை. விவசாய அமைச்சரின் கொடும்பாவியை எரித்தார்கள். "நாம போட்ட ஆளாச்சே, கொஞ்சம் பொறுப்போம்" என்று இருந்துவிடவில்லை. கடன்காரன் வீட்டு வாசலில் ஜாமீன்தாரே போய் உட்காருவது மாதிரி இது. எங்கள் அனுபவத்தில் மேனேஜர் பத்து முறை போய் வசூலாகாத கடன், ஜாமீன்தார் ஒருமுறை போனால் வசூலாகிவிடும். எதிர்க்கட்சிக்காரன் கத்துவதைவிட, ஓட்டுப் போட்டவன் கேட்பது ஆட்சியில் இருப்பவரை அதிகம் சுடும்.

நமக்குப் பிடித்ததைச் செய்யும்போது

இப்போது நம் பக்கம். அந்தத் தடை அறிவிப்பு வந்தபோது நம் வட்டாரங்களில் எத்தனை பேர் கொண்டாடினார்கள் என்று வாட்ஸ்அப்பைப் புரட்டினால் தெரியும். "ஒரு நாடே மாறிடுச்சு, நம்ம ஆளுங்க எப்ப மாறுவாங்க?" என்று எழுதினார்கள். எத்தனை வருடம், எவ்வளவு எரு, யாரைக் கேட்டு முடிவெடுத்தார்கள் என்று கேட்டவர் குறைவு. நமக்குப் பிடிக்காததை ஒருவர் தப்பான வழியில் செய்தால் உடனே கண்டுபிடித்துவிடுகிறோம். நமக்குப் பிடித்ததைத் தப்பான வழியில் செய்யும்போது கைதட்டுகிறோம். அந்தத் தடையின் பலன் என்ன? மெதுவாக, ஒழுங்காக மாறிக்கொண்டிருந்த இயற்கை விவசாயிகளுக்கும் கெட்ட பெயர். அதைத்தான் இன்றைக்கும் பந்தியில் நாம் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

சிக்கிமையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2003-இல் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். ரசாயன உரத்துக்கான மானியத்தைப் படிப்படியாகக் குறைத்தார்கள். 2010-இல் அதற்கென்று தனி இயக்கம் தொடங்கினார்கள். 2016 ஜனவரியில்தான் முழு இயற்கை மாநிலம் என்று அறிவித்தார்கள். சின்ன மாநிலம், முன்பே உரம் குறைவாகப் போட்ட நிலம், சுமார் 75,000 ஹெக்டேர்தான். அங்கேயும் குறைகள் உண்டு. ஆனால் நடுவில் 2004, 2009, 2014 என்று மூன்று சட்டமன்றத் தேர்தல்கள் வந்தன. வேலை நடக்கும்போதே மூன்று முறை நிறுத்து என்றோ, தொடரட்டும் என்றோ சொல்லும் வாய்ப்பு ஜனங்களுக்கு இருந்தது.

ஆகவே நாளைக்கு யாராவது "மாநிலத்தையே இயற்கை விவசாயத்துக்கு மாற்றுவேன்" என்று நம்மிடம் ஓட்டுக் கேட்டு வந்தால், மாலையைக் கீழே வைத்துவிட்டு நான்கு கேள்வி கேளுங்கள்.

ஒன்று: எத்தனை வருடத்தில்? முதல் வருடம் எத்தனை ஏக்கர்?

இரண்டு: எரு எங்கிருந்து? எத்தனை மாடு, எத்தனை டன் பசுந்தாள் விதை, எந்த ஊரில் யார் உற்பத்தி செய்வது?

மூன்று: மாறும் வருடங்களில் மகசூல் குறைந்தால் அந்த நஷ்டம் யாருக்கு? எந்தக் கணக்கிலிருந்து பணம் வரும்?

நான்கு: நடுவில் தப்பு என்று தெரிந்தால் உங்களை நிறுத்தச் சொல்லும் உரிமை யாருக்கு இருக்கும்?

கடன் மனுவைப் பார்க்கும் எந்தக் கிளை அதிகாரியும் இப்படித்தான் கேட்பார். பதில் சொல்லத் தெரியாதவர் கெட்டவர் என்று அர்த்தமில்லை. அவருக்கு இன்னும் கடன் கொடுக்கும் நேரம் வரவில்லை, அவ்வளவுதான். நான்காவது கேள்விக்குக் கோபப்படுகிறவர் என்றால், முதல் மூன்றுக்கும் நல்ல பதில் சொல்லியிருந்தாலும் யோசியுங்கள்.

இலவசம், தள்ளுபடி, மானியம் என்று நாம் கேட்கும் மற்ற வாக்குறுதிகளுக்கும் இதே கேள்விகள் பொருந்தும். ஓட்டுக்குப் பணம் வாங்கியவர் இதில் எதையும் கேட்க முடியாது என்பதையும் சொல்லவேண்டும். கொடுப்பது மட்டுமில்லை, வாங்குவதும் சட்டப்படி குற்றம். அதைவிட, கமிஷன் வாங்கிக்கொண்டு ஜாமீன் போட்டவர் கடன்காரன் வாசலில் போய் நிற்கமுடியாது. "உனக்கு உன் பங்கைக் கொடுத்துட்டேனே" என்று சொல்லிவிடுவான்.

ஓட்டுப் போட்டு முடித்த பிறகு இருக்கும் ஐந்து வருடமும் நம் பொறுப்புத்தான். அதற்குப் பழக நம் ஊரிலேயே ஒரு இடம் இருக்கிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்துக்கு ஆறு கிராம சபை. வரவு செலவை அங்கே வைத்தாக வேண்டும். தலைவர் நீங்கள் ஓட்டுப் போட்டவர் என்றால் நீங்கள்தான் முதலில் போய் உட்கார வேண்டும். ஏரி தூர்வாரியதற்கு எவ்வளவு, குப்பையை உரமாக்கும் கொட்டகை ஏன் பூட்டியே கிடக்கிறது, மரக்கன்று நட்டது எத்தனை, பிழைத்தது எத்தனை என்று கேளுங்கள். எழுதிக் கையெழுத்து வாங்கும் தீர்மான நோட்டை ஒருமுறை வாங்கிப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். அடுத்த கிராம சபைக்கு உங்கள் குழுவிலிருந்து ஐந்து பேராவது இந்தக் கேள்விகளோடு போய் வந்து, கிடைத்த பதிலை நம் பத்திரிகைக்கு எழுதி அனுப்புங்கள்.